பழைய காருக்குப் புதிய மின்னாக்கி

காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்பது இயற்பியல் மாணவர் யாவரும் அறிந்ததே. மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த இவ்விதியை, ஆய்வுக்கூடத்தில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்து, கால்வனாமீட்டரின் முள் அசைவதைக் கண்டு, குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். அதே விதி ஒரு காரின் எஞ்சினருகே ஓயாமல் வேலை செய்வதை நின்று பார்ப்பவர் சிலரே. பெரிய காஞ்சிபுரத்தில் என் தாய்மாமன் வைத்திருக்கும் அம்பாசிடர் காரில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் பொருத்தினார்கள். நான் உடனிருந்து பார்த்ததையும், பாடநூலோடு அதை ஒப்பிட்டு அறிந்ததையும் இங்கு எழுதுகிறேன்.

அந்த வண்டி 1489 கன செ.மீ. எஞ்சின் கொண்ட மார்க் II வகை. மாமாவின் தந்தையார் பட்டு வியாபாரத்திற்காக வாங்கியது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டபோதிலும், எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வேண்டுமென்று கேட்பவர் இன்றும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நாதசுரத்தின் பின்னால் ராஜ வீதிகளில் மனிதர் நடக்கும் வேகத்தில், முகப்பு விளக்குகள் எரிய, வண்டி ஒரு மணி நேரத்திற்கு மேல் ஊர்ந்து செல்லவேண்டும். சென்ற ஆண்டில் இருமுறை, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை உள்ளே வீற்றிருக்க, வண்டியைத் தள்ள நேர்ந்தது. பேட்டரி புதியது, டைனமோவிலும் பழுதில்லை. அப்படியிருக்க இது ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகப்பு விளக்குகள் இரண்டும் 90 வாட். சிறு விளக்குகள் எல்லாம் சேர்ந்து 24 வாட். இக்னிஷன் காயில் ஏறத்தாழ 40 வாட். பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் மொத்தம் 13 ஆம்பியர் வரும். அவ்வகை டைனமோ 22 ஆம்பியர் தரவல்லது. காகிதத்தில் தாராளமாகப் போதும். ஆனால் அது மின்சாரம் தரத் தொடங்குவதே நிமிடத்திற்கு 1,450 சுற்றளவில்தான். எஞ்சின் ஐட்லிங்கில் 800 சுற்று. கப்பிகளின் விகிதத்தால் டைனமோ அதைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 1,200 சுற்றுத்தான் சுழலும். ஆகவே ஊர்வலம் முழுவதும் டைனமோ வெறுமனே சுழல, பதின்மூன்று ஆம்பியரும் பேட்டரியிலிருந்தே போகிறது. நெடுஞ்சாலையில் குறையே தெரியாத டைனமோ எங்கள் வீதிகளில்தான் கைவிடுகிறது.

சிறிய கப்பியைப் போட்டு டைனமோவை வேகமாகச் சுழற்றினால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நானும் கேட்டேன். டைனமோவில் காந்தப்புலம் அசையாமல் நிற்க, மின்சாரம் பிறக்கும் ஆர்மெச்சர் சுருள்கள் சுழல்கின்றன. அவற்றில் பிறப்பது மாறுதிசை மின்னோட்டமே. அதைத் திசைமாற்றி என்னும் செம்புத் துண்டுகளின் வளையமும், அதன்மேல் உரசும் கார்பன்களும் ஒருதிசையாக்கி வெளியே தருகின்றன. எஞ்சின் 4,500 சுற்றில் ஓடும்போது ஆர்மெச்சர் பத்தாயிரம் சுற்றை எட்டினால், மையவிலக்கு விசையால் கம்பிகள் பிதுங்கும். செம்புத் துண்டுகளும் எழும்பிவிடும்.

ஆல்டர்னேட்டரில் இந்த அமைப்பு தலைகீழ். தறியில் பாவு நிற்க நாடா ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, எது நிற்கிறது, எது ஓடுகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். இங்கே மின்சாரம் பிறக்கும் சுருள்கள் நிற்கின்றன, காந்தம் ஓடுகிறது. சுழலும் பகுதிக்கு மூன்று நான்கு ஆம்பியர் புல மின்னோட்டம் போதும். அதைச் சிறு கார்பன்கள் வழவழப்பான இரு வளையங்கள் வழியே கொடுத்துவிடும். பெரும் மின்னோட்டம் எந்த உரசலும் இன்றி நிலையான சுருளிலிருந்து நேரே வெளிவருகிறது. மாறுதிசையை ஒருதிசையாக்குவது ஆறு சிலிக்கன் டயோடுகளின் வேலை. அவை மலிவாகக் கிடைத்த பிறகே இந்த மாற்றம் கைகூடியது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-இல் வேலியன்ட் காரில் இதைப் பொருத்தியே விற்றது. நம் நாட்டுக்கு டைனமோவும் பின்னர் ஆல்டர்னேட்டரும் செய்து தந்த லூகாஸ் டி.வி.எஸ். ஆலை சென்னையை அடுத்த பாடியில் 1961-இல் தொடங்கியது.

சிறிய கப்பியுடன் வந்த 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எஞ்சினைப் போல் இரண்டேகால் மடங்கு சுழல்கிறது. ஐட்லிங்கிலேயே 1,800 சுற்று. அது விழித்துக்கொள்ள அவ்வளவு தேவையே இல்லை.

பொருத்தும் வேலையில் முதன்மையானது எர்த் மாற்றம். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். மாமாவின் வண்டியும் அப்படியே. டைனமோவுக்கு எந்தத் திசையும் சம்மதம். அதன் இரும்பில் எஞ்சியுள்ள காந்தம் எத்திசையோ அத்திசை. ஆல்டர்னேட்டரோ அப்படியன்று. பேட்டரியை மாற்றி இணைத்தால் டயோடுகள் வழியே மின்னோட்டம் தங்குதடையின்றிப் பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அவை கருகிவிடும். எனவே எதிர்முனையை எர்த் ஆக்கினோம். ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிவிடாதோ என்று மாமா அஞ்சினார். அது தொடர்ச்சுற்று மோட்டார்; புலம், ஆர்மெச்சர் இரண்டிலும் திசை ஒருங்கே மாறுவதால் சுழற்சி மாறாது. பாடநூலில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்தது அன்று பயன்பட்டது. இக்னிஷன் காயிலின் இரு சிறு கம்பிகளை மட்டும் இடம் மாற்றவேண்டும். ஸ்பார்க் பிளக்கின் சூடான நடுமுனை எதிர்முனையாக இருந்தால்தான் எலக்ட்ரான்கள் எளிதாக வெளிவந்து, குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தெறிக்கும்.

அடுத்தது கம்பி. இருபத்திரண்டு ஆம்பியருக்குப் போட்ட பழைய கம்பியில் முப்பத்தைந்தை ஓட்டினால் சூடேறும். ஆதலால் தடித்த புதுக் கம்பி ஒன்றை ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டின் பேட்டரி முனைக்கு நேரே இழுத்தோம். பழைய ரெகுலேட்டர் பெட்டிக்கு இனி வேலையில்லை. அதனுள்ளிருந்த கட்-அவுட்டின் வேலையை, அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாயாமல் தடுப்பதை, டயோடுகளே செய்துவிடும். பெட்டியைக் கழற்றாமல், விளக்குகளுக்குப் போகும் இணைப்புகளை மட்டும் அதிலேயே சேர்த்துக் கட்டினோம்.

டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கை அலட்சியம் செய்யக்கூடாது. ஆல்டர்னேட்டரின் தொடக்கப் புல மின்னோட்டம் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பீஸ் போனால், நல்ல ஆல்டர்னேட்டரும் விழிக்காமல் கிடக்கக்கூடும். இதை அறியாமல் ஆல்டர்னேட்டரையே கழற்றிப் பழுதுபார்ப்போர் உண்டு.

வேலை செய்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தம்பி, வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்க்கிற வேலையே கூடாது.” டைனமோ காலத்தில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சிலர் கடைப்பிடித்த முறை அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் சுமை திடீரென அறுந்து மின்னழுத்தம் எகிறும். டயோடோ ரெகுலேட்டரோ அந்த நொடியிலேயே போய்விடும். அதற்கு வோல்ட்மீட்டரே போதும். முன்பு ஐட்லிங்கில் விளக்குகள் எரியும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் 11.8 வோல்ட் காட்டிய அதே மீட்டர், இப்போது 13.6 காட்டியது.

எல்லாப் பழைய வண்டிக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு டைனமோவே போதும். கார்பன் தேய்ந்தால் மாற்றலாம். திசைமாற்றி தேய்ந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். மேலும், 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். அந்த எண்ணம் மாமாவுக்கும் உண்டு. ஆகவே எஞ்சினில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. டைனமோவின் நீளம் ஆல்டர்னேட்டருக்கு இல்லாததால் எஞ்சிய இடைவெளியை இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றால் நிரப்பி, பழைய போல்ட்டுகளிலேயே பொருத்தி, கப்பிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று இரும்பு அளவுகோல் வைத்துப் பார்த்தோம். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அதே பெல்ட்டில் சுழலும் தண்ணீர் பம்பின் பேரிங் கெடும் என்பதால், கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குமாறு விட்டோம்.

கழற்றிய டைனமோவின் பின்முனைப் புஷ்ஷில் மாமா இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். பழைய பெல்ட்டும் கப்பியும் சேர்த்துத் துணியில் சுற்றி, பரணில் பாவு உருளைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.