உருமாறும் நங்கை

இயற்கையின் வரம்பைக் கடந்த ஆற்றல் தமக்கு வாய்த்தல் வேண்டும் என்னும் விருப்பம் மக்கள் நெஞ்சில் என்றும் குடிகொண்டுள்ளது. வானிற் பறத்தல், மலையைப் பெயர்த்தல், வேண்டிய வடிவெடுத்தல் முதலிய அருஞ்செயல்களைப் பழங்கதைகள் பலவற்றிற் காண்கிறோம். அணுவினும் சிறிதாதலை அணிமா என்றும், மலையினும் பெரிதாதலை மகிமா என்றும் நம் பெரியோர் பெயரிட்டு, எண்வகைச் சித்திகளுள் வைத்து எண்ணினர். அமெரிக்க நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் இவ்விருப்பம் படக்கதை என்னும் புதுவடிவம் பெற்றது. அரும்பேராற்றல் படைத்த வீரர் பலர் அக்கதைகளில் தோன்றினர். அவருள் பெரும்பாலோர் வெள்ளையர், ஆடவர். அவ்வரிசையில் பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி வந்து நின்ற வரலாற்றை இப்பாடத்திற் காண்போம். அவள் பெயர் கமலா கான்.

கதை பிறந்த வகை

மார்வெல் என்னும் படக்கதை நிறுவனத்திற் பதிப்பாசிரியராக இருந்தவர் சனா அமானத் அம்மையார். அவர் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் தோன்றி, நியூ ஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தவர். தம் இளமைக்கால நிகழ்ச்சிகளை அவர் உடன்பணியாற்றிய ஸ்டீபன் வாக்கர் என்பாரிடம் ஒருகால் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வுரையாடலே இக்கதைக்கு வித்தாயிற்று. ஜி. வில்லோ வில்சன் அம்மையார் கதையை எழுத, ஏட்ரியன் அல்போனா ஓவியம் தீட்டினார். 2013ஆம் ஆண்டு வேறொரு கதையில் சிறிதே தலைகாட்டிய கமலா, 2014ஆம் ஆண்டு தன் பெயருக்குரிய தனிக்கதையின் தலைவியானாள்.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதிக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் அமைந்தது ஜெர்சி நகரம். கமலா வாழும் ஊர் அதுவே. தந்தை யூசுப் வங்கியிற் பணிபுரிபவர், தாய் முனீபா, தமையன் ஆமிர் சமயப்பற்று மிக்கவன். பெற்றோர் கராச்சியினின்று குடியேறியவர்கள். வீட்டில் ஒரு பண்பாடு, பள்ளியில் மற்றொரு பண்பாடு. இரண்டிற்கும் இடையே கமலா தத்தளித்தாள். பிற மாணவியர்க்கு வாய்த்த உரிமை தனக்கு இல்லையே என ஏங்கினாள். அவ்வேக்கத்திற்கு மருந்தாக, வீரநாயகர்களைப்பற்றித் தானே கதைகள் எழுதி மகிழ்ந்தாள். அவருள் அவள் உள்ளம் பெரிதும் கவர்ந்தவர் கேப்டன் மார்வெல் எனப்படும் கேரல் டான்வர்ஸ் என்னும் வீராங்கனை. பொன்னிறக் கூந்தலும் நெடிய தோற்றமும் உடைய அவ்வீராங்கனை முன்னாளில் ‘மிஸ் மார்வெல்’ என்னும் பெயர் தாங்கியிருந்தார்.

ஆற்றல் வந்த இரவு

ஒருநாள் இரவு மாணவர் சிலர் ஆற்றங்கரையில் விருந்தொன்று நடத்தினர். தந்தையார் போகலாகாது எனத் தடுத்தும், கமலா சாளரத்தின் வழியே இறங்கிச் சென்றாள். அங்கே அவளுக்கு மதுவைப் பழச்சாற்றிற் கலந்து கொடுத்தனர். சுவைத்த அளவில் அதனை உமிழ்ந்தாள், கண்டோர் நகைத்தனர். ஜோயி என்னும் மாணவி, கமலாவின்மீது கறிமசாலை மணம் வீசுகிறது என்று கூறி விலகி நின்றாள். உள்ளம் புண்பட்ட கமலா தனியே திரும்பி நடந்தாள். அப்போது இனந்தெரியாத மூடுபனி நகரைச் சூழ்ந்தது. அவள் மயங்கி வீழ்ந்தாள். மயக்கத்தில் அவள் போற்றிய வீரர்கள் எதிரே தோன்றினர். ‘நீ யாராக விரும்புகிறாய்?’ என்னும் கேள்வி எழுந்தது. கேரல் டான்வர்ஸைப் போலவே ஆகவேண்டும் என்று கமலா விடை பகர்ந்தாள்.

விழித்தபோது விரும்பியது கைகூடியிருந்தது. கரிய கூந்தல் பொன்னிறமாயிற்று, உடல் நெடிதாயிற்று, பழைய மிஸ் மார்வெலின் உடை மேனியில் விளங்கிற்று. ஆயினும் இன்பம் வரவில்லை. காலணி நெரித்தது, உடை வருத்தியது, கூந்தல் முகத்தில் வீழ்ந்து கண்ணை மறைத்தது. பிறர் அழகைத் தான் பூண்டால் மனநிறைவு எய்தலாம் என்று கருதியிருந்த பேதை, அவ்வழகு தனக்கு இரவற் சுமையாதலை உணர்ந்தாள்.

அந்நிலையில் ஆற்றுநீரில் ஒருத்தி வீழும் ஓசை கேட்டது. வீழ்ந்தவள் வேறு எவளுமல்லள். சற்றுமுன் தன்னை இகழ்ந்த ஜோயியே. ஓருயிரைக் காத்தலின் பெருமை குறித்துத் திருக்குர்ஆன் கூறும் கருத்தைத் தந்தையார் எடுத்துரைத்தது கமலாவின் நினைவிற்கு வந்தது. எந்தத் தந்தையின் சொல்லை மீறி வந்தாளோ, அந்தத் தந்தையின் சொல்லே அவளுக்கு வழிகாட்டிற்று. அவள் கை பேருருக் கொண்டது. நீருள் அமிழ்ந்தவளை அள்ளி எடுத்துக் கரையிற் சேர்த்தது. கமலாவின் முதல் வீரச்செயல், தன்னை இகழ்ந்தவளுக்குச் செய்த உதவியாய் அமைந்தது குறிக்கத்தக்கது.

புண் ஆறிய வகை

கமலாவின் ஆற்றல்கள் பல. உடலையோ உறுப்பையோ வேண்டிய அளவு பெருக்குவாள்; சுருக்குவாள்; கைகால்களை நெடுந்தொலைவு நீட்டுவாள்; பிறர் உருவையும் மேற்கொள்வாள். ஆயினும் அவ்வாற்றலுக்கும் விலையுண்டு. அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தினால் உடல் சோரும், பெரும்பசி வருத்தும்.

இவ்வாற்றல்களுள் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. நண்பன் புரூனோ பணியாற்றிய கடையில் ஒருநாள் முகமூடி அணிந்தவன் ஒருவன் கொள்ளையிடப் புகுந்தான். கமலா பொன்னிறக் கூந்தல் வீராங்கனையின் உருவில் அவனைத் தடுக்கச் சென்றாள். அவன் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. குண்டு பாய்ந்து அவள் தரையிற் சாய்ந்தாள். உயிர் போகும் என அஞ்சிய வேளையில், அவள் தன் சொந்த உருவிற்குத் திரும்பினாள். என்னே வியப்பு! புண் ஆறிற்று. இரவல் உருவிற் பட்ட காயத்திற்குத் தன்னுருவே மருந்தாயிற்று.

அன்றுதொட்டு அவள் கேரலின் முகத்தை மேற்கொள்ளவில்லை. உடல் முழுதும் மறைக்கும் தன் நீச்சலுடையைத் திருத்தி வீர உடையாக்கினாள். கண்ணுக்கு மட்டும் மறைப்பு அணிந்தாள். தன் முகத்தோடும் தன் நிறத்தோடும் மிஸ் மார்வெல் என நின்றாள்.

பயனற்ற இளைஞர் எவரும் இலர்

பின்னொருகால் ‘கண்டுபிடிப்பாளன்’ எனப்பட்ட தீயோன் ஒருவன், இளைஞர்தம் உடலாற்றலை உறிஞ்சித் தன் பொறிகளை இயக்கினான். அவ்விளைஞரை மீட்கச் சென்ற கமலா திகைத்தாள். ஏனெனில், அவர்கள் வலிந்து பிடிக்கப்பட்டவர் அல்லர். ‘உலகிற்கு நீங்கள் பாரம், இவ்வகையிலேனும் பயன்படுங்கள்’ என்ற அவன் சொல்லை நம்பித் தாமே இசைந்தவர்கள். பெருகிய கையால் சுவரைத் தகர்க்கலாம். மனத்துட் புகுந்த தாழ்வெண்ணத்தை அதனால் தகர்க்க இயலாது. ஆகவே அவள் அவர்களோடு பேசினாள். இளந்தலைமுறை வீணன்று என்றும், வருங்காலத்தின் சிக்கல்களைத் தீர்க்கவேண்டியவர் அவர்களே என்றும் எடுத்துரைத்தாள். அவர்கள் தெளிந்து அவளோடு சேர்ந்தனர். நீளும் கை செய்யமாட்டாததை நெஞ்சிற் பிறந்த சொல் செய்து முடித்தது.

ஏட்டிலிருந்து வீதிக்கு

இக்கதையின் முதல் தொகுதி 2015ஆம் ஆண்டு சிறந்த படக்கதைக்குரிய ஹியூகோ விருதினைப் பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் முஸ்லிம்களை இழித்துரைக்கும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றை எதிர்த்தோர், கமலாவின் படங்களையும் வெறுப்பைக் கண்டிக்கும் வாசகங்களையும் அவற்றின்மேல் ஒட்டி மறைத்தனர். ஏட்டில் வரைந்த சிறுமி வீதியில் வெறுப்புக்குத் திரையானாள்.

2022ஆம் ஆண்டு இக்கதை தொலைக்காட்சித் தொடராயிற்று. கராச்சியிற் பிறந்து கனடாவில் வளர்ந்த இமான் வெல்லானி கமலாவாக நடித்தார். அத்தொடரில் உடல் நீளும் ஆற்றலுக்கு மாறாக, ஒளியைத் திண்பொருளாக்கும் ஆற்றல் அவளுக்கு அமைக்கப்பட்டது. அதில் தந்தை மகளின் பெயருக்குப் பொருள் கூறும் இடம் நயமுடையது. தமிழ்மாணவர்க்குக் கமலம் என்றவுடன் தாமரை நினைவிற்கு வரும். அவரோ, கமால் என்னும் சொல்லை எண்ணி உரைக்கிறார். அரபு மொழியில் அது நிறைவைக் குறிக்கும்; உருதுவில் வியப்பென்றும் பொருள்படும். மார்வெல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் வியப்பு என்பதே பொருள். வேறொருவரிடம் இரவல் பெற எண்ணிய பெயர், பிறந்தநாள்தொட்டுத் தன் பெயரிலேயே பொதிந்து கிடந்ததை அவள் அன்று அறிகிறாள்.

மாணவர்களே! கமலாவின் கதை கற்பனையே. மூடுபனி எவருக்கும் இத்தகைய ஆற்றலைத் தாராது. ஆயினும் அவள் பட்ட நாணம் கற்பனையன்று. தன் நிறத்தையும், தன் வீட்டு உணவையும், தன் பெற்றோர் பேசும் மொழியையும் எண்ணி நாணும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உளர். அவர்களை நாணச் செய்வோரும் உளர். எவ்வுருவும் கொள்ளும் ஆற்றல் வாய்த்திருந்தும், தன் உருவிலேயே நின்று பிறர்க்கு உதவத் துணிந்தாளே, அத்துணிவிற்கு மூடுபனி வேண்டுவதில்லை.

பயிற்சி

1. கமலா கேரல் டான்வர்ஸைப் போல ஆக விரும்பியது ஏன்? அவ்வுருவிற் பெற்ற துன்பங்கள் யாவை?
2. தந்தையின் சொல்லை மீறிச் சென்றவளுக்குத் தந்தையின் சொல்லே வழிகாட்டியது எங்ஙனம்?
3. இளைஞர்களை மீட்பதற்கு உடலாற்றல் மட்டும் போதாமைக்குக் காரணம் என்ன?
4. ‘இரவல் உருவிற் பட்ட காயத்திற்குத் தன்னுருவே மருந்தாயிற்று’ — இத்தொடரின் கருத்தை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.