பைன் மரத்தை உண்ணும் காளான்

மணிமங்கலத்து மண்ணில் பைன் விருக்ஷம் வளர்வதில்லை. ஆயினும் பைன் பலகை அவ்வூராருக்குப் புதியதன்று. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பகுதிகளை ஏற்றிவரும் பெட்டிகளும் அடிச்சட்டங்களும் பல பைன் மரத்தாலானவை. அவை பின்னர் பழைய மரமாக மலிவு விலைக்குக் கிடைப்பதால், மாட்டுக் கொட்டிலுக்கும் கோழிக் கூட்டுக்கும் மூட்டைகளை அடுக்கும் மேடைக்கும் உபயோகமாகின்றன. தேக்கைப்போல் உழைக்குமென்று நம்பி வாங்கியவர், சில மழைக்காலங்களுக்குள் அது பொடியாய் உதிரக் கண்டு கறையானைப் பழிப்பர். பல சமயங்களில் குற்றம் கறையானுடையதன்று; காளானுடையதேயாம்.

காளானின் இயல்பு

காளானுக்குப் பச்சையம் இல்லை. ஆகையால் சூரிய வெளிச்சத்தைக்கொண்டு தன் ஆகாரத்தைத் தானே சமைத்துக்கொள்ள அதனால் இயலாது. பிற உயிர்கள் சேர்த்துவைத்த பொருளை உண்டே ஜீவிக்கும். மரத்தின்மேல் குளம்பு போன்று வெளிப்படுவது அதன் கனி மாத்திரமே. அதன் மெய்யான உடல், மரத்தினுள் மறைந்து பரவும் மிக மெல்லிய இழைகளின் பின்னலாகும். கனியின் அடிப்புறத்திலுள்ள நுண்துளைகளினின்றும் கணக்கற்ற வித்துத்தூள் காற்றிற் பறந்து செல்லும்.

மரத்தின் உறுதிக்குக் காரணமான பொருள்களுள் முக்கியமானவை இரண்டு. செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் சுவரின் செங்கல்லையும், லிக்னின் என்னும் பிணைப்புப் பொருள் சாந்தையும் ஒக்கும். காளானின் இழைகள் கசியும் நொதிகள் இவற்றைக் கரைத்து உணவாக்குகின்றன.

இமயமலையில் கண்ட வியாதி

வட இந்தியாவில் கைல் என வழங்கும் நீலப் பைன் மரத்தின் வயிரத்தை அழுகச் செய்யும் காளானைக் குறித்து, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். எஸ். ஹோல் என்பவர் 1914-ஆம் ஆண்டில் எழுதினார். அக்காலத்தில் டிராமெட்டிஸ் பைனி என்றழைக்கப்பட்ட அதனை, இக்காலத்தார் போரோடெடேலியா என்னும் பேரினத்திற் சேர்த்துள்ளனர்.

பைன் மரத்திற்குச் சிறு காயம் நேர்ந்தால் பிசின் சுரந்து அதனை மூடிவிடும். ஆனால் பருத்த கிளை ஒடிந்தாலும் வெட்டப்பட்டாலும் உள்ளிருக்கும் வயிரப்பகுதி வெளிப்படும். அது உயிரற்ற பாகமாதலால் அங்கே பிசின் புதிதாகச் சுரப்பதில்லை. அந்த வாயிலில் விழும் வித்து முளைத்து, இழைகள் அடிமரத்தின் உட்பாகத்தில் மேலும் கீழும் பரவும். நீரைக் கொண்டுசெல்லும் வெளிப்பகுதி கெடாதிருப்பதால் மரம் பசுமையாகவே தோன்றும். வெளியே குளம்பு தோன்றும்போது உள்ளே நெடுந்தூரம் கெட்டுப்போயிருக்கும். அறுத்த பலகையில் சிறு வெள்ளைக் குழிகள் காணப்படுவது இதன் அடையாளம்.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களில் பயிராகும் சவுக்கு, ஊசியிலை மரம்போல் தோன்றினும் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று, பூக்கும் மரமேயாம். ஆயினும் காயத்தின் வழியே கேடு நுழையும் என்னும் பாடம் அதற்கும் பொருந்தும்.

அறுத்த பலகையில் நேரும் கேடு

வெள்ளைக் குழியை உண்டாக்கும் காளான், மரத்தை அறுத்து உலர்த்தியபின் பெரும்பாலும் மேற்கொண்டு பரவுவதில்லை. ஈரப் பலகையைக் கெடுப்பவை வேறு காளான்கள். அவற்றுட் சில செல்லுலோஸை உண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போது மரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாய் வெடித்துச் சிறு கட்டங்களாகப் பிரியும். விரலால் நசுக்கினால் மாவாகும். மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்கும் குறைவாக ஈரம் இருக்குமாயின் இக்காளான்கள் வளரமாட்டா. ஏரிப்பாசன ஊர்களில் நிலத்தைத் தொட்டுநிற்கும் பலகை அவ்வளவு உலர்ந்திருப்பது அரிது.

அயல்நாட்டுப் பெட்டிகளில் எச்.டி. என்னும் ஆங்கில எழுத்துக்கள் பதிந்திருக்கக் காணலாம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சென்டிகிரேட் சூடு 30 நிமிஷம் ஏற்றப்பட்டது என்பது அதன் பொருள். இது முன்பே இருந்த பூச்சிகளைக் கொல்லுமேயன்றி, பின்னால் வரும் காளானைத் தடுக்காது.

அங்கத்தினர் கைக்கொள்ளத்தக்கவை

1. வாங்குமுன் பலகையைத் தட்டிப் பார்த்தும், கத்திமுனையால் குத்திப் பார்த்தும் சோதிக்கவேண்டும். மந்தமான ஓசையும் மென்மையும் அழுகலைக் காட்டும்.

2. எம்.பி. என்று பதிந்த மரம் மெத்தில் புரோமைடு என்னும் விஷப்புகை ஊட்டப்பட்டது. அதனைத் தானியம், தீவனம் ஆகியவற்றின் அருகே உபயோகித்தலும் அடுப்பில் எரித்தலும் கூடா.

3. பலகை தரையைத் தொடாதபடி கல்லின்மேலோ செங்கல்லின்மேலோ நிறுத்திக் காற்றோட்டம் அமைக்கவேண்டும். செலவு குறைந்த சிறந்த பரிகாரம் இதுவே.

4. கூரையின் கீழ் நனையாதிருக்கும் மரத்திற்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரை ஊட்டலாம். மழைபடும் இடத்தில் அது கரைந்துபோம். 1933-இல் சோண்டி காமேசம் டேராடூனில் கண்ட தாமிர, குரோமிய, ஆர்சனிக் கலவை கரையாதது. எனினும் ஆர்சனிக் கொடிய விஷமாதலால் தீவனத் தொட்டிக்கு அது ஆகாது.

5. அழுகிய துண்டை நல்ல பலகைகளோடு சேர்த்து அடுக்கலாகாது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

மலிவாக வாங்கிய பலகை எத்தனை வருஷம் உழைத்தது? அதே பணத்தை ஈட்டு மரத்திற்கோ கல்தூணுக்கோ செலவிட்டிருந்தால் வருஷத்திற்கு என்ன விழுந்திருக்கும்? கொட்டிலில் ஈரம் தங்கும் இடம் எது? இக்கணக்கைப் பார்த்தபின் வாங்குவோர்க்கு நஷ்டம் குறையும்.