ஏரிக்கரையில் வான் பார்க்க ஒரு மாலை: சில குறிப்புகள்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் புதிதல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பினால் கரையில் நின்றே பார்த்துவிடுவார்கள். அது சில நிமிட வேடிக்கைதான். மற்ற இரவுகளில் அதே வானம் சும்மா கிடக்கிறது. காட்டூரிலோ பக்கத்து ஊரிலோ பிள்ளைகளைக் கூட்டி நட்சத்திரம் காட்ட நினைப்பவர்களுக்கு இவை உதவும்.

1. நாள் குறிக்கத் தினசரி காலண்டர் போதும். நிலாவின் பள்ளங்களைக் காட்ட வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமி வரை நல்லது. பௌர்ணமி வேண்டாம், வெயில் நேராக விழுவதால் நிழலே இல்லாமல் நிலா தட்டையாகத் தெரியும். நட்சத்திரம்தான் முக்கியம் என்றால் அமாவாசையை ஒட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு போராடாமல் தை முதல் பங்குனிக்குள் முடிப்பது புத்திசாலித்தனம்.

2. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்து விளக்குகள் அடிவானத்தை வெளுத்துவிடும். அவற்றுக்கு முதுகு காட்டி, ஏரியைப் பார்த்துப் பாய் விரியுங்கள். பூநாரைகள் தங்கும் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள்.

3. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். யாராவது ஒருவர் செல்போனைத் திறந்தால் அவ்வளவு நேரமும் வீண்.

4. கொசுவுக்கு மூட்டம் போட்டால் புகை வானத்தையும் மறைக்கும். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து காலில் தடவலாம். எண்ணெய்க் கையோடு லென்ஸைத் தொடக்கூடாது.

5. தொலைநோக்கி வாங்குவோர் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். முன்பக்க லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குதான் உச்ச வரம்பு, 60 மி.மீ. என்றால் 120. சனியின் வளையம் தெரிய முப்பது, நாற்பது மடங்கே போதும். ஆட்டம் காணும் முக்காலியால்தான் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாமல் போகிறது. அதன் நடுவே மணல் பை ஒன்றைத் தொங்கவிடுங்கள். காசில்லையா? 10×50 பைனாகுலரைப் படகின் விளிம்பில் அசையாமல் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நிலாக்கள் தெரியும்.

6. பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. வரிசையில் இரண்டு பேர் பார்த்ததும் கோள் நகர்ந்துபோயிருக்கும். மூன்றாவது ஆள் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக “தெரியுது சார்” என்பார். அடிக்கடி சரிபாருங்கள். குட்டிகளுக்கு ஏறி நிற்க ஒரு ஸ்டூல் போடுங்கள்.

7. உப்புக்காற்று லென்ஸுக்கு எமன். முந்தானையாலோ லுங்கியாலோ துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பனி படியாமலிருக்கக் கறுப்புச் சார்ட் தாளைச் சுருட்டி முன்பக்கம் குழல் போல மாட்டலாம். புதுச்செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் தொலைநோக்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

8. துருவ நட்சத்திரம் பழவேற்காட்டில் பதின்மூன்று பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கி வடக்கு அடிவானத்தில் வையுங்கள். அதன்மேல் இரண்டு விரல். அங்கே மங்கலாகத் தெரிவது அதுதான். கட்டடம் மறைக்காத இந்த ஏரிப்பரப்பில் காண்பதற்குப் பட்டணத்துக்காரர்கள் ஏங்குவார்கள்.

9. பேச்சாளரைத் தேடும் முன் ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னால் உட்காரவையுங்கள். “தாத்தா, நீங்க எந்த வெள்ளியைப் பார்த்துக் கரை திரும்புனீங்க?” என்று கேட்டால் போதும். விடிவெள்ளியிலிருந்து கார்த்திகைக் கூட்டம் வரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நாம் புத்தகப் பெயர் சொல்வது அதற்குப் பிறகு.

10. சூரியன் முழுதும் மறைந்த பிறகே கருவியை வெளியே எடுங்கள். எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் காப்பாகாது.

11. கருவியும் ஆளும் வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையைக் கேட்கலாம். பிள்ளைகள் ஆசைப்பட்டால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் ஒரு நாள் பயணம். வாணியம்பாடியை அடுத்த காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வை நாளை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

12. அழைப்பிலேயே மாற்று நாளையும் போடுங்கள். மேகம் மூடினால் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுக் கலையலாம்.