நேற்று தெரிந்தது, இன்று தெரியவில்லையே!

மறதி நோய் வந்த முதியவர் இருக்கும் வீட்டில், "நேற்று என் பெயரைச் சொன்னார்களே, இன்று மட்டும் எப்படி மறக்கும்? வேண்டுமென்றே செய்கிறார்கள்!" என்று யாராவது சொல்வதுண்டு. இப்பேச்சு சரிதானா என்று பார்ப்போம்.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், அகுஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணியைப் பரிசோதித்தார். அவர் தம் பெயரைச் சரியாகச் சொன்னார். கணவர் பெயரைக் கேட்டபோதும் தம் பெயரையே சொன்னார்! காலிபிளவரும் இறைச்சியும் உண்டுகொண்டே, கீரை உண்பதாகக் கூறினார். காட்டிய பொருள்களின் பெயர்களைச் சரியாகச் சொன்னவர், சற்று நேரத்தில் எவற்றைக் கண்டோம் என்பதையே மறந்தார். தெரிந்ததும் தெரியாததும் ஒரே வேளையில் கலந்திருந்தன. 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அம்மருத்துவரின் பெயரே இந்நோய்க்கு வழங்குகிறது.

இந்நோயில் அழிந்த நரம்புச் செல்கள் மீள்வதில்லை. ஆனால் எஞ்சியவை எல்லா நாளும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. இரவு தூக்கம் கெட்டாலும், வீட்டில் விருந்தினர் கூட்டமும் சத்தமும் மிகுந்தாலும் மறுநாள் தடுமாற்றம் கூடும். பொழுது சாயும் நேரத்தில் சிலர் சொந்த வீட்டில் இருந்துகொண்டே, "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று கலங்குவர். ஆகவே நல்ல நாள் வந்தால் நோய் தீர்ந்ததென்றும், கெட்ட நாள் வந்தால் நடிப்பென்றும் கொள்வது தவறு.

இன்னொன்று மிக முக்கியம். ஓரிரு நாளிலேயே நிலை திடீரென மோசமானால், "நோய் முற்றிவிட்டது" என்று வாளாவிருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, போதிய தண்ணீர் குடிக்காமை, சளிக்காகக் கொடுத்த சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமலிருக்கலாம். தெர்மாமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

வருகிறவர்கள் எல்லாரும், "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்பது பெரிய கொடுமை. வருடத்திற்கு மூன்று பரீட்சை எழுதும் நமக்கே நடுக்கம். தினமும் பரீட்சை என்றால்? "பாட்டி, உங்கள் பேத்தி வந்திருக்கிறேன்" என்று நாமே முதலில் சொல்லிவிடலாம். தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தது, புதிய மாத்திரை ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால் மருத்துவருக்கும் உதவும். நம் கையெழுத்து அழகாக இருக்கவேண்டும் என்பதில்லை; அவருக்குப் புரிந்தால் போதும்.