செக் திரும்பினால் 30 நாள்

எம்.பி.ஏ. படிக்கும் மேலாளர்களுக்கு வணிகச் சட்டமும் ஒரு பாடம். கல்லாவில் உட்காரும் நமக்கு அதில் முதலில் வேண்டியது, 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு.

கடனுக்குத் தந்த செக் பணமில்லாமல் திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். (பழைய 15 நாள் கணக்கு 2003-இல் மாறிவிட்டது.) பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் கிடைத்தவர் 15 நாளில் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும்.

"அடுத்த வாரம் தந்துடறேன் அண்ணாச்சி" என்ற பேச்சை நம்பி அந்த 30 நாளைக் கோட்டைவிட்டவர்கள் நம்மிலேயே உண்டு. செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லையென்றால் மறுபடி வங்கியில் போடலாம். மீண்டும் திரும்பினால் புதிதாக நாள் எண்ணலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.