விழுந்த பிள்ளை எழுந்து நிற்க



போன வருடம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஒரு உறுப்பினர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதும் அழுதுவிட்டார். மகள் கணக்கில் பெயில். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "பக்கத்து வீட்டுப் புள்ளயப் பாரு, உன்ன கடன் வாங்கிப் படிக்க வெச்சேனேன்னு நானும் கத்திட்டேன்" என்றார்.

குழுவில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "மழைக்காலத்துல வேலை இல்லாம நீ தவணை கட்ட முடியாம நின்னியே, அப்ப குழு உன்னைத் திட்டுச்சா? என்ன கஷ்டம்னு கேட்டோம். ரெண்டு மாசமாப் பிரிச்சுக் கட்டச் சொன்னோம். நீயும் கட்டி முடிச்சே. அதையே உன் புள்ளைக்குச் செய்."

அந்த அக்கா சொன்னதுதான் இந்த மாதப் பாடம்.

ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடன் சேர்ந்தவர்களும் 40 வயது வரை கவனித்து வந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை எனப் பல கஷ்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வாழ்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு அன்பு காட்ட ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றவராக இல்லாவிட்டால் பாட்டியாக, டீச்சராக இருந்தார்.

நாம் செய்யக்கூடியவை:

1. முதலில் காது கொடுங்கள். "ரொம்ப வருத்தமா இருக்கா கண்ணு?" என்று கேளுங்கள். அழுதால் அழட்டும். புத்திமதி அப்புறம்.

2. ஒப்பிடாதீர்கள். சொந்தக்காரர்கள் முன்னால் மார்க் பேச்சு வேண்டாம்.

3. அடுத்து என்ன என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். பெயிலான பாடத்தை அதே ஆண்டில் துணைத் தேர்வில் எழுதலாம். விண்ணப்பிக்கப் பிள்ளையோடு நீங்களும் பள்ளிக்குப் போங்கள்.

4. சின்ன வயதிலேயே பழக்குங்கள். கடைக்குப் போன பிள்ளை சில்லறையைத் தொலைத்து வந்தால் அடிக்காதீர்கள். "அடுத்த தடவை எப்படிப் பத்திரமா கொண்டு வருவே?" என்று கேளுங்கள். வழியை அதுவே சொல்லும்.

5. ஒதுங்கியே இருப்பது, தூங்காதது, "நான் செத்துப் போறேன்" என்பது — இதையெல்லாம் சும்மா மிரட்டுது என்று விடாதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் கூடவே இருங்கள். டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டுக்கும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போங்கள்.

அந்த மகள் துணைத் தேர்வு எழுதினாள். கணக்கில் 41 மார்க். பரீட்சை அன்று அம்மா கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பள்ளி வாசல் வரை கூடப் போனாராம்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் பிள்ளை கடைசியாக எப்போது அழுதது? அப்போது நாம் என்ன சொன்னோம்?