விருந்து வீட்டில் வணிகர் பேச்சு

வணிக நண்பர்களுக்கு ஒரு கேள்வி. கடைசியாக நீங்கள் போன கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் என்ன பேசினீர்கள்? "வியாபாரம் எப்படிங்க?" என்று கேட்டிருப்பீர்கள். "ஏதோ ஓடுதுங்க" என்று அவர் சொல்லியிருப்பார். பருப்பு விலை, ஜி.எஸ்.டி., ஆன்லைன் கடைக்காரன் தொல்லை என்று நாலு வார்த்தை. பாயசம் வருவதற்குள் பேச்சு தீர்ந்து, இருவரும் கைப்பேசியை எடுத்திருப்பீர்கள். மே 5 வணிகர் தின மாநாட்டுப் பந்தியிலும் இதே கதைதான்.

கல்லாவில் உட்கார்ந்து பழகிய நமக்கு விலை என்ன, எத்தனை மூட்டை, என்றைக்கு வரும் என்று கேட்கத்தான் வரும். கடையில் அதுவே சரி. வாசலில் நாலு பேர் நிற்கும்போது யாரிடமும் கதை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அதே நாக்கை விருந்துக்கும் எடுத்துப் போனால் என்ன ஆகும் என்பதை நான் கொல்லிமலையில் படித்தேன்.

எங்களுக்கு மலையடிவாரத்தில் மளிகைக் கடை. கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான எடப்புளி நாட்டில் ஒரு விவசாயியிடம் பல வருடமாக மிளகு வாங்குகிறோம். வருடா வருடம் முன்பணம் கொடுப்போம்; அறுப்பு முடிந்ததும் சரக்கில் கழித்துக்கொள்வோம். ஒரு கார்த்திகை மாதம் அவர் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பெரியப்பாவும் நானும் காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். இலையில் உட்கார்ந்ததும், உபசரிக்க வந்த அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த வருசம் மிளகு எத்தனை மூட்டை தேறும்?" என்பது.

"பாக்கலாம் மொதலாளி" என்றார். அவ்வளவுதான். எதிர் வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என்ன தப்பாகக் கேட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்கக் கூடாதா என்ற எண்ணம்கூட வந்தது.

அந்த நேரம் ஒரு பாட்டி சோறு பரிமாறிக்கொண்டு வந்தார். புதுச் சாமைச் சோறு. பெரியப்பா நிமிர்ந்து, "இது எந்தச் சாமைங்க ஆத்தா?" என்று கேட்டார்.

நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி தோன்றும்? நாம் பட்டியலில் "சாமை" என்று ஒரே வரி எழுதி விற்கிறோம். மலையில் அது ஒரே வரி அல்ல. வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை என்று பல. கேழ்வரகிலும் சுருட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்று பிரிவு உண்டு. பாட்டி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். எது சோற்றுக்கு, எது முந்தி விளையும், அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எந்தக் காட்டில் எது நின்றது என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண்கள் திருத்தினார்கள், ஆண்கள் சிரித்தார்கள். பெரியப்பா அடுத்ததாக, "அப்புறம் ஏன் ஆத்தா எல்லாம் குச்சிக்கிழங்குக் காடா மாறிப்போச்சு?" என்றார்.

விலைதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு போனால் கையில் காசு வருகிறது, அதுவும் உண்மைதான். ஆனால் பாட்டி சொன்னது வேறு. "குத்துறது யாரு சாமி? நாங்கதானே?" சாமையை உரலில் போட்டு உமி நீக்குவது சாதாரண உழைப்பு அல்ல. காட்டு வேலை முடித்து வந்த பெண்தான் அதையும் செய்ய வேண்டும். மகள்களும் மருமகள்களும் முடியாது என்றார்கள், சாமை குறைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தொடங்கி இம்மலையில் சிறுதானியப் பணி செய்தபோது ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை வைத்ததற்கும் இந்தச் சிரமமே காரணம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நாமெல்லாம் சாமைப் பாக்கெட்டை முன்வரிசையில் அடுக்கினோமே, அந்தச் சரக்கின் பின்னால் உள்ள செய்தி இது. கொள்முதல் புத்தகத்தில் இது வராது.

இதற்குள் வீட்டுக்காரரும் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா அவரைப் பார்த்து, "மரமெல்லாம் எப்படி இருக்கு கவுண்டரே?" என்று மட்டும் கேட்டார். மிளகு எத்தனை மூட்டை என்று கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருந்த கொடிகளில் பாதிக்கு மேல் வாடல் நோயில் காய்ந்துவிட்டதைச் சொன்னார். முன்பணத்தை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு மாதமாகத் தூக்கமில்லை என்றார். எங்களை விருந்துக்கு அழைத்ததே நேரில் இதைச் சொல்லத்தானாம். நான் கேட்ட கேள்வியில் அவர் வாய் அடைத்துவிட்டது.

பாக்கியை இரண்டு அறுப்பில் கழித்துக்கொள்வதாக அங்கேயே பேசி முடித்தோம். அவரும் அப்படியே தீர்த்தார்.

பெரியப்பா செய்ததில் பெரிய வித்தை இல்லை. எண்ணில் பதில் வரும் கேள்வியை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் நம்மைவிட நன்றாக அறிந்த ஒன்றைக் கேட்டார். வந்த பதிலைப் பிடித்தே அடுத்ததைக் கேட்டார். இந்த இரண்டாவதுதான் கடினம். நம்மில் பலர் ஒன்றைக் கேட்டுவிட்டு நம் கதையைத் தொடங்கிவிடுகிறோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேரன் ஹுவாங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது: கேள்வி கேட்பவரை, அதிலும் பதிலைத் தொடர்ந்து கேட்பவரை, மற்றவர்களுக்குப் பிடித்துப்போகிறது. அறிமுகம் இல்லாதவரிடம் மனம் விட்டுப் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று நாம் தயங்குவோம். பேசிப் பார்த்தால் நினைத்த அளவு சங்கடம் இருப்பதில்லை என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் மற்றவர்களும் 2021இல் சோதித்து எழுதினார்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிய புறநானூற்று 152ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். வன்பரணர் பாடியது. காட்டில் ஒரு வேட்டுவனைக் கண்ட பாணர் கூட்டம் எடுத்தவுடன் பரிசு கேட்கவில்லை. அவன் வில் திறத்தை வியந்து பாடுகிறது. தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான். அவர்கள் வேண்டியதைச் சொல்வதற்கு முன்பே கறியும் மதுவும் பொன்னும் கொடுத்துவிடுகிறான். ஆடி 18ஐ ஒட்டிச் செம்மேட்டில் நடக்கும் ஓரி விழாவுக்குக் கடை போடப் போகும் நண்பர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆழமாகப் பேசுவது வேறு, துருவுவது வேறு. "எத்தனை ஏக்கர், பட்டா யார் பேரில்?" என்று மலையில் கேட்டால் நிலம் வாங்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். சம்பளம், வரன், பிள்ளையில்லாத குறை இவற்றை அவர்களே எடுத்தால் ஒழிய நாம் எடுக்கக் கூடாது. கஷ்டத்தைச் சொல்லும்போது உடனே யோசனை சொல்வதும் நம் வணிகர்களுக்கு உள்ள வியாதி. முழுதும் சொல்லி முடிக்க விடுங்கள். பேசியதை மறுநாள் பேரத்துக்குப் பயன்படுத்தினாலோ, அந்த வீட்டில் உங்களுக்கு இனி இலை கிடையாது.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு வந்த அறுப்பில், மிளகோடு ஒரு சின்னப் பையில் சாமையும் வந்தது. பையின் மேல் கரியால் "மல்லியச் சாமை" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கடையில் அந்தப் பெயரையே அட்டையில் எழுதி மாட்டினோம். இப்போது வாடிக்கையாளர் வந்து, "அதென்னங்க மல்லியச் சாமை?" என்று கேட்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் பாட்டியின் கதையைச் சொல்கிறேன்.